பன்னிரண்டு அணிகளும் நம் கல்யாண வீடும்

மக்களே,

நீ சுகமாய்ப் போய்ச் சேர்ந்தாய் என்று அப்பாவுக்கு மெசேஜ் வந்தது. எனக்கு வரவில்லை. எனக்கு அனுப்பினால் பதிலுக்கு நாலு கேள்வி கேட்பேன் என்று உனக்குத் தெரியும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கடிதத்துக்கு நடுவே நீ குறுக்கே பேச முடியாது, "செரிம்மா, பொறவு கூப்பிடுதேன்" என்று வைத்துவிடவும் முடியாது. பந்தலைப் பிரித்துக் கொண்டுபோய்விட்டார்கள். வாடகைப் பாத்திரங்களும் போய்விட்டன. உன் தங்கை ஷைனி புருஷன் வீட்டில், நீ அமெரிக்காவில், அப்பா கடையில். மிச்சம் வந்த பப்படத்தைப் பொரித்துத் தின்றுகொண்டு வீட்டில் நான் ஒருத்தி. கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. கோபம் கிறிஸ்மஸ் சமயத்தில் இருந்தது, அதையும் எழுதத்தான் போகிறேன். இப்போது இருப்பது வேறே.

முதலில் நீ சொல்லித்தந்த விளையாட்டு என் மண்டையில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார். பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுகிறார்கள், ஆனாலும் அதன் பெயர் கால்பந்து. பந்தும் உருண்டை இல்லை, இரண்டு பக்கமும் கூர். நாலு தடவைக்குள் பத்து கெஜம் முன்னே போகவேண்டும், போகாவிட்டால் பந்து எதிராளிக்கு. ஆடுகிறவர்கள் காலேஜ் பையன்கள். பார்க்கிறவர்களோ ஊர் முழுக்க, அந்தக் காலேஜ் படியை மிதித்தே இராதவர்கள்கூட. முன்பெல்லாம் சீசன் முடிந்ததும் நாடு முழுவதிலும் இருந்து நாலே நாலு டீமைத்தான் ஒரு கமிட்டி கடைசிச் சுற்றுக்குப் பொறுக்கி எடுக்கும். அந்த நாலில் நீ படித்த காலேஜ் டீம், அதான் உங்கள் டீம், வரவே வராது. நவம்பரில் உங்கள் ஆட்டம் முடியும், டிசம்பரில் நீ பெட்டியைக் கட்டுவாய், கிறிஸ்மஸுக்கு முன்னாலேயே நம் புதுக்கடை ஊருக்கு வந்து சேர்ந்து "அம்மா, பசிக்குது" என்பாய். உங்கள் டீம் தோற்றுக்கொண்டே இருந்தது எனக்கு எவ்வளவு நல்ல காரியம் என்று அப்போது எனக்குத் தெரியாது. பிறகு யாரோ பெரிய மனிதர்கள் உட்கார்ந்து பேசி அந்த நாலைப் பன்னிரண்டாக ஆக்கினார்கள். நம் வீட்டு நிலைமையை அவர்கள் யாரும் கேட்டுப்பார்க்கவில்லை.

நீ இந்தப் பந்தின் பின்னால் போனதற்கு நான் உன்னைக் குறை சொல்லமாட்டேன். அது எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். மேல்படிப்புக்கு நீ போன அந்த முதல் வருஷம், போன் எடுத்தாலே அழுவாய். "திரும்பி வந்துரட்டாம்மா?" என்று கேட்பாய். நான் ஆஸ்பத்திரி டியூட்டியில் நின்றுகொண்டு, ஒரு கையில் ஊசியும் ஒரு கையில் போனுமாக, "வந்திரு மக்களே" என்று வாய் வரைக்கும் வந்ததை விழுங்குவேன். கூட இருந்த பையன் தன்னால் போக முடியவில்லை என்று ஒரு சனிக்கிழமை அவன் மேட்ச் டிக்கெட்டை உனக்குக் கொடுத்தான். அன்று கூப்பிட்டபோது உன் குரலே வேறே. பக்கத்து ஸீட்டில் ஒரு பெரியவர், பெயர் வால்ட்டர், ஸ்கூல் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர், பொண்டாட்டியை அடக்கம் பண்ணி ஒரு வருஷம்கூட ஆகாதவர். அவர் மனைவி உட்கார்ந்திருந்த ஸீட்டின் டிக்கெட்தான் கைமாறிக் கைமாறி உன்னிடம் வந்திருந்தது. நீ குளிரில் வெடவெடக்கிறதைப் பார்த்துத் தன் கம்பளியில் பாதியை உன் மேல் போட்டார், ஆட்டத்தை ஒவ்வொன்றாகச் சொல்லித்தந்தார், உங்கள் டீம் ஜெயித்ததும் உன்னைக் கட்டிப்பிடித்து அழுதார். "வீட்ட விட்டு வந்த பொறவு என்ன ஒருத்தரும் தொட்டதே இல்லம்மா" என்று நீ சொன்னாய். அதைக் கேட்டு நான் மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அப்பாவிடம் சொன்னபோது அவர் கேட்டது, "வால்ட்டரா? நம்ம சபைல மணியடிக்குத வால்ட்டர் மாதிரி உள்ள பேரா?" என்றுதான். வெள்ளைக்காரனுக்கு நம் ஊர்ப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று அவருக்கு ஒரே ஆச்சரியம்.

அதற்குப் பிறகு அந்த ஸீட் உன் ஸீட் ஆயிற்று. வேலை கிடைத்து வேறே ஊருக்குப் போன பிறகும் சனிக்கிழமை சனிக்கிழமை காரை எடுத்துக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாய். ஒரு நாள், பேச்சோடு பேச்சாக, நம் டீம் என்றைக்காவது அந்தக் கடைசிச் சுற்றுக்கு வந்தால் எல்லா மேட்சுக்கும் உங்களை நானே கூட்டிப்போகிறேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டாய். வரவே வராது என்ற தைரியத்தில் கொடுத்த வாக்கு. அதை என்னிடம் நீ சொல்லவில்லை. அதுதான் எல்லாக் குழப்பத்துக்கும் காரணம்.

ஷைனிக்கு நாள் குறிக்கிறபோது உன்னிடம் எத்தனை தடவை கேட்டேன்? கல்ஃபில் இருப்பவர்கள் எல்லாரும் கிறிஸ்மஸ் லீவில்தான் வருவார்கள், அதனால் கோயிலும் ஹாலும் ஒரு வருஷத்துக்கு முன்னாலேயே நிறைந்துவிடும். நமக்குக் கிடைத்தது ஜனவரி இரண்டாவது வாரத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. "நல்லா யோசிச்சுச் சொல்லுடே. பொறவு அங்க இங்க மாத்த முடியாது, கேட்டியா" என்றேன். நீ சிரித்தாய். "கண்ண மூடிட்டு வைங்கம்மா. எங்க டீம் நவம்பர்லயே மூட்டையக் கட்டிரும்." அந்த வார்த்தையை நம்பி நான் போதகரிடம் போய்ப் பேசி, ஹாலுக்கு அட்வான்ஸ் கொடுத்து, சம்பந்தி வீட்டுக்குச் சொல்லி அனுப்பினேன். அமெரிக்காவில் பையன்கள் பந்து பிடிக்கிறதை நம்பிப் புதுக்கடையில் பெண்ணுக்குக் கல்யாண நாள் வைத்தவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

டிசம்பர் தொடக்கத்தில் நீ கூப்பிட்டாய். பன்னிரண்டில் எட்டாவதாக உங்கள் டீம் உள்ளே வந்துவிட்டது என்று குதித்தாய். நான் காலண்டரைக் கையில் எடுத்தேன். முதல் மேட்ச் உங்கள் காலேஜ் மைதானத்திலேயே, கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம், அதில் ஜெயித்தால் அடுத்தது புதுவருஷப் பிறப்பன்று. "அப்போ கிறிஸ்மஸ்?" என்று கேட்டேன். "கல்யாணத்துக்கு நேரா வந்துருவேம்மா" என்றாய். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு ஓர்மை இருக்கும். பெற்ற வீட்டில் கிறிஸ்மஸ் கொண்டாடக் கசக்கிறவன் அந்தப் பந்தையே கட்டிக்கொண்டு அழட்டும் என்றேன். அதை நான் இப்போதும் திரும்ப எடுத்துக்கொள்ளப் போவதில்லை. காரணத்தைச் சொல்லாமல் காரியத்தை மட்டும் சொன்னால் எந்த அம்மாவும் அதைத்தான் சொல்வாள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்த முதல் மேட்ச் அன்று நான் முழங்காலில் நின்று உங்கள் டீம் தோற்கவேண்டும் என்று ஜெபம் பண்ணினேன். அப்பா வாசலில் நின்று கேட்டுவிட்டார். "உள்ள ஜெபத்துக்கே பதில காணல்ல, இது வேறயா?" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னது சரியாய்ப் போயிற்று, நீங்கள் ஜெயித்தீர்கள்.

கிறிஸ்மஸ் அன்று கோயிலில் நம் பெஞ்சில் இடம் இல்லை. வருஷம் முழுக்க நானும் அப்பாவும் ஷைனியும் உட்காருகிற இடத்தில், யாரென்றே தெரியாத ஒரு குடும்பம் புதுத்துணியும் செண்டு மணமுமாக உட்கார்ந்திருந்தது. நான் தூண் ஓரமாக பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன். சாயங்காலம் நீ கூப்பிட்டாய். என் மனதை மாற்ற அந்த மேட்சைப் பற்றிச் சொன்னாய். வழக்கமான டிக்கெட் அதற்குச் செல்லாதாம், புதிதாக வேறே வாங்கவேண்டுமாம், விலையும் கூடுதலாம். உங்கள் வரிசையில் உட்காருகிற பழைய ஆட்கள் பாதிப்பேர் தங்களால் முடியாது என்று நின்றுவிட்டார்களாம், பாதிப்பேர் டிக்கெட்டை நல்ல விலைக்கு யாருக்கோ விற்றுவிட்டார்களாம். காலேஜ் பிள்ளைகள் லீவுக்கு வீட்டுக்குப் போய்விட்டார்கள். "எங்க வரிசையில நானும் வால்ட்டரும்தாம்மா பழைய ஆளு. மத்த எல்லாரும் அன்னைக்கித்தான் வந்தவங்க. அவரு ஒவ்வொரு மொகமா பாத்துக்கிட்டே இருந்தாரு" என்றாய். எனக்கு உடனே நம் பெஞ்ச்தான் ஞாபகம் வந்தது. மழையிலும் வெயிலிலும் வந்து உட்கார்ந்தவனுக்குப் பெரிய நாளில் இடம் இல்லை. இது எந்த ஊரிலும் உள்ளதுதான் போலிருக்கிறது. அப்போதுதான் அந்த வாக்கைப் பற்றியும் சொன்னாய். அதை ஒரு மாதம் முன்னால் சொல்லியிருந்தால் எனக்கு ஒரு ஜெபம் மிச்சம்.

புதுவருஷ மேட்ச் எங்கோ தூரத்து ஊரில். விமான டிக்கெட் கைக்கு எட்டாத விலை என்று நீயும் வால்ட்டரும் காரிலேயே போனீர்கள். இரண்டு நாள் ஓட்டம். "அவரு பழைய டிரைவரும்மா, ஸ்டியரிங்க என்கிட்ட தரவே மாட்டேங்குறாரு" என்று வழியில் ஒரு பெட்ரோல் பங்கில் நின்று சொன்னாய். நான் இங்கே வருஷப் பிறப்பு ஆராதனையில் நிற்கிறேன், போதகர் போன வருஷத்துக்கு ஸ்தோத்திரம் சொல்கிறார், என் மனம் முழுக்க அந்தக் கார்மேல். அதிலும் நீங்கள் ஜெயித்தீர்கள். ஒவ்வொரு ஜெயத்துக்கும் என் கையில் இருந்து உன் லீவில் ஒரு வாரம் போயிற்று. ஆசை நீளுகிற அளவுக்கு, அந்த ஆசை உள்ளவனுக்காகக் காத்திருக்கிறவளுக்கும் நாள் நீளும் என்பது அந்தக் கமிட்டிக்காரர்கள் கணக்கில் இல்லை.

கடைசியில் கல்யாண வாரத்தில் வந்து இறங்கினாய், கண்ணைச் சுற்றிக் கருவளையமும் வாயில் மாறாத சிரிப்புமாக. மூன்றாவது மேட்ச் அங்கே வியாழக்கிழமை இரவு. அப்படியென்றால் இங்கே வெள்ளிக்கிழமை விடியல், கல்யாணத்தன்று. தங்கை கல்யாணம் என்று அந்த ஒன்றுக்கு மட்டும் வால்ட்டர் உன்னை வாக்கில் இருந்து விட்டிருந்தார். நீ அதை யாரிடமும் சொல்லாமல் மாட்டுத்தொழுவம் பக்கம் போய் போனைப் பார்த்துக்கொள்ளலாம் என்று திட்டம் போட்டிருந்தாய். ஷைனி கண்டுபிடித்துவிட்டாள். மருதாணிக் கையோடு முற்றத்தில் நின்று அவள் சொன்னது இன்னும் காதில் கேட்கிறது. "லேய் அண்ணா, களவாணி மாதிரி ஒளிஞ்சு பாக்காண்டாம். போட்டோ காட்டதுக்கு எடுத்த புரொஜக்டர் சும்மாதான கெடக்கு. பந்தல்ல போடு. எல்லாரும் பாக்கட்டு."

மக்களே, அந்த விடியலை நான் சாகிறவரைக்கும் மறக்கமாட்டேன். பந்தல் தட்டியில் வெள்ளை வேட்டியைக் கட்டி அதில் அமெரிக்கா தெரிகிறது. ஒரு பக்கம் பெண்கள் பூ கட்டுகிறார்கள், இன்னொரு பக்கம் பிரியாணி அடுப்பு புகைகிறது. பால் விடாத கட்டன் சாயா கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டு நம் சொந்தக்காரர்கள் எல்லாரும் என்ன நடக்கிறது என்றே தெரியாமல் கத்துகிறார்கள். சமையல்கார நஜீம், வாலிபத்தில் தேங்காப்பட்டணம் கடற்கரையில் பந்து விளையாடினவர், கரண்டியும் கையுமாக வந்து கொஞ்ச நேரம் பார்த்தார். "இதுல காலுக்கு எங்க வேல? ஒருத்தன் தேங்காயத் தூக்கிட்டு ஓடுகான், நாலுபேரு வெரட்டுகானுவ. எங்க ஊர்ல இப்பிடி ஓடினா தேங்கா களவுன்னு பிடிச்சுக் கட்டிப்போடுவானுவ" என்றார். ஆனால் அடுப்புக்குத் திரும்பிப் போகவில்லை. பிரியாணியை அவருடைய மருமகன்தான் கிளறினான். கடைசிக் கட்டத்தில் ஷைனி வெள்ளைச் சேலையோடு வெளியே வந்துவிட்டாள். அலங்காரம் பண்ண வந்த பெண் வாயில் கொண்டை ஊசியைக் கடித்துக்கொண்டு அவள் பின்னாலேயே நின்றாள்.

நடுவில் ஒரு இடைவேளை வந்தது, நீ வால்ட்டரைக் கூப்பிட்டாய். போனில் பந்தலைச் சுற்றிக் காட்டினாய். அவர் தன் வீட்டுச் சோபாவில், உங்கள் டீம் தொப்பியைப் போட்டுக்கொண்டு தனியே உட்கார்ந்திருந்தார். நீ போனை என்னிடம் தந்தாய். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவிடம் பேசிப் பழகின இங்கிலீஷில் குட்மார்னிங் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றினார். உங்கள் கிறிஸ்மஸை நான் எடுத்துக்கொண்டேன், மன்னிக்கவேண்டும் என்றார். எனக்கு இங்கிலீஷ் தீர்ந்துபோயிற்று. ஆனால் கண் தீரவில்லை. சோபாவில் முதுகுக்குப் பின்னால் தலையணைமேல் தலையணையாக அடுக்கி வைத்திருந்தார். ஒரு வாக்கியத்துக்கு இரண்டு தடவை மூச்சு வாங்கினார். ஸ்டூலில் தூக்கி வைத்திருந்த காலில் சாக்ஸ் பதிந்த இடம் பள்ளமாகக் கிடந்தது. முப்பது வருஷம் வார்டில் நின்றவளுக்கு இதற்கு மேல் ஒருவரும் சொல்லவேண்டாம்.

அந்த மேட்சிலும் ஜெயித்தீர்கள். நஜீம் கரண்டியால் அண்டாவில் அடித்த சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் ஓடிப்போயிற்று. நீ அவசர அவசரமாகக் குளித்து, ஈரத்தலையோடு கோட்டை மாட்டிக்கொண்டு கோயிலுக்கு வந்தாய். வேதபாடம் வாசிக்க எழுந்து நின்றபோது கத்தின கத்தில் உன் தொண்டை கட்டிப்போய்க் குரல் உடைந்து உடைந்து வந்தது. தங்கச்சியைப் பிரிகிற துக்கம் என்று நினைத்துச் சபையில் பாதிப்பேர் கண்ணைத் துடைத்தார்கள். மாப்பிள்ளையின் பெரியம்மா என்னிடம், "பாசமுள்ள பிள்ள" என்றாள். நான் ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். பொய்யும் இல்லையே. அப்பா ஷைனியின் கையைப் பிடித்துக் கொண்டுவந்து விட்டபோது நீ நிஜமாகவே அழுதாய், அதை நான் பார்த்தேன்.

மறுநாள் காலை நீ பல் தேய்க்கிறபோது நான் கிணற்றடிக்கு வந்தேன். "லேய், அந்த மனுசனுக்கு காலு வீங்கி இருக்கு. நீ பாத்தியா?" என்று கேட்டேன்.

"வயசாச்சுல்லாம்மா."

"வயசு காலுல வந்து நிக்காது. இருதயம் களைச்சுப்போச்சுன்னா வெள்ளம் எறங்கி அங்க நிக்கும். ராத்திரி மல்லாந்து படுக்க முடியாதுன்னு சொல்லுவாரா?"

நீ பிரஷை வாயில் இருந்து எடுத்தாய். "சோபாலதாம்மா ஒறங்குவாரு. டிவி பாத்துட்டே ஒறங்கிப் போறாருன்னு நெனச்சேன்."

"பைனல் எப்பம்?"

"அடுத்த வாரம் கழிஞ்சு. நான் போகல்லம்மா. இந்த மாசம் முழுக்க இங்க இருப்பேன்னு ஒங்ககிட்ட சொன்னேம்லா. கிறிஸ்மஸுக்கும் வரல்ல."

மக்களே, எனக்கு ஆசை இல்லை என்று நினைக்காதே. அந்த மாசம் முழுவதையும் நான் ஏற்கனவே செலவு பண்ணிவிட்டிருந்தேன், மனதுக்குள். உனக்கு மரச்சீனிக் கிழங்கு அவித்து மீன்கறி வைக்கவேண்டும், சுசீந்திரம் பக்கம் வயலைப் பார்த்துக்கொண்டு பஸ்ஸில் போகவேண்டும், ஷைனி போன பிறகு காலியாகக் கிடக்கிற அறையில் நீ கால் நீட்டிப் படுத்திருக்க, நான் கதவு வழியாக எட்டிப் பார்க்கவேண்டும். எல்லாம் போட்டு வைத்திருந்தேன். ஆனால் ஆஸ்பத்திரியில் எத்தனையோ கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறேன். "லீவு கெடச்சதும் வாறேன்னான் சிஸ்டர்" என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்த கண்களை மூடிவிட்டதும் இந்தக் கைதான். அப்படிக் காத்திருக்கிறவராக அவரை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. நீ அங்கே பச்சைப்பிள்ளை மாதிரி அழுதுகொண்டிருந்தபோது, நான் போட முடியாத கம்பளியைப் போட்டவர் அவர். "டிக்கெட்ட மாத்து. மொதல்ல டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போ, பொறவு பந்து" என்றேன். நீ வாயில் நுரையோடு போனைத் தேடினாய். அப்பா தூரத்தில் இருந்து, "தோக்கணும்னு ஜெபிச்சவ சொல்லுகா, கேட்டுக்கோ" என்றார்.

நீ போனதால் ஒரு சங்கடம் வந்தது, அதையும் தெரிந்துகொள். நம் குடும்பத்தில் மறுவீட்டுக்குப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் கூட்டி வர அண்ணன்தான் போவது. அண்ணன் உயிரோடு இருந்து வராவிட்டால் அது மரியாதைக்குறைவு. உன் மாமாவை அனுப்பலாம் என்றார் அப்பா. நானே போகிறேன் என்று ஒரு சேலையை உடுத்திக்கொண்டு, பலகாரப் பெட்டியோடு மண்டைக்காட்டுப் பக்கம் போய் இறங்கினேன். மாப்பிள்ளையின் அப்பா வாசலுக்கு வந்து கார் கதவுக்குள் குனிந்து பார்த்தார். "எங்க, அண்ணங்காரன காணல்ல?" என்றார். ஏதாவது மழுப்பலாமா என்று யோசித்தேன். பிறகு உள்ளதை அப்படியே சொன்னேன், வால்ட்டர், கால் வீக்கம், பைனல், எல்லாம். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அப்போது நம் மாப்பிள்ளை உள்ளே இருந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தான். "எந்தச் சானல்ல அத்த?" என்று கேட்டான். அவன் அப்பா திரும்பி அவனை முறைத்தார், பிறகு என்னைப் பார்த்தார். "உள்ள வாங்க. நோயாளிக்குத் துணைக்குப் போனவன என்ன சொல்ல முடியும்?" என்றார். ஆட்டத்தை அவர் மரியாதையாக விட்டுவிட்டதை நானும் மரியாதையாக விட்டுவிட்டேன்.

நேற்று நீ அப்பாவுக்கு அனுப்பிய செய்தியைக் கேட்டேன். இருதயம்தான் என்றாராமே டாக்டர். நீர் போவதற்கு மாத்திரை கொடுத்திருக்கிறார், பைனலுக்குச் சக்கர நாற்காலியில் போகலாம், உப்பைக் குறைக்கவேண்டும் என்றிருக்கிறார். காலைத் தொங்கவிட்டே உட்காரவிடாதே. மாத்திரையைக் காலையில் கொடு, மாலையில் கொடுத்தால் இரவெல்லாம் எழும்பிக்கொண்டே இருப்பார். ஸ்டேடியத்தில் விற்கிற உப்புக்கடலையைக் கண்ணில் காட்டாதே. இந்தத் தடவை ஸ்டியரிங்கைப் பிடிக்கவும் விடாதே, கோபித்துக்கொள்வார், கோபித்துக்கொள்ளட்டும். இன்னொரு புத்தியும் சொல்கிறேன், இது பந்துக்கு மட்டும் இல்லை. யாருக்காவது ஒரு வாக்குக் கொடுத்தால் அதன் பாரம் யார்மேல் எல்லாம் விழுமோ அவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடு. நீ முன்னாலேயே சொல்லியிருந்தால் நான் கிறிஸ்மஸுக்குக் கொஞ்சம் குறைவாக அழுதிருப்பேன், அவ்வளவுதான், தடுத்திருக்கமாட்டேன். நாளைக்கு உனக்கென்று ஒருத்தி வருவாள். அவளிடம் ஒளிந்து நின்று போன் பார்க்கிற வேலையெல்லாம் வேண்டாம்.

இனி முக்கியமான காரியம். அந்தப் பன்னிரண்டை இன்னும் கூட்டலாம் என்று அங்கே பேச்சு நடப்பதாக நீயே சொன்னாய். கூட்டட்டும். டீம் கூடினால் மேட்ச் கூடும், மேட்ச் கூடினால் நாள் கூடும். வால்ட்டருக்கு இன்னும் எத்தனை டிசம்பர் என்று கர்த்தருக்குத் தெரியும், இருக்கிறது எல்லாவற்றிலும் நீ அவர் பக்கத்தில் இருக்கவேண்டும். நான் இனி உங்கள் டீம் தோற்க ஜெபிக்கமாட்டேன். ஒவ்வொரு வருஷமும் வருவாயா வரமாட்டாயா என்று ஒரு கமிட்டியின் வாயைப் பார்த்துக்கொண்டு இருக்கவும் என்னால் முடியாது. ஆகையால் நன்றாக யோசித்துத்தான் சொல்கிறேன், நீ இனி கிறிஸ்மஸுக்கு வரவேண்டாம்.

மே மாதம் வா. அப்போது அங்கே ஒரு பந்தும் இல்லை என்று மாப்பிள்ளையிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். பலாமரத்தில் சக்கை பழுத்திருக்கும், மாங்காய் விழும், கோயிலில் நம் பெஞ்சும் காலியாகத்தான் கிடக்கும். கேக் ஊறப்போட்டு வைப்பேன். நீ வருகிற அன்று வாசலில் ஸ்டார் கட்டி விளக்குப் போடுவேன். மே மாதத்தில் இந்த வீட்டுக்காரிக்கு என்ன ஆயிற்று என்று ரோட்டில் போகிறவர்கள் நின்று கேட்கட்டும். என் பிள்ளை வருகிறான், இங்கே இன்றைக்குத்தான் கிறிஸ்மஸ் என்று சொல்லிக்கொள்கிறேன்.

உன் அம்மா